சோல் பிளேட்: கத்தி போனபிறகு என்ன செய்வீர்கள்?

கடைசிபஸ்:

தீபாவளிக்கு ஹட்டனுக்கு வந்தவன் இன்னும் கொழும்புக்குத் திரும்பவில்லை. மழை, ரோட்டில் மண் சரிந்திருக்கிறது என்று வேலைத்தலத்தில் சொல்லியிருக்கிறேன். அது பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. முழு உண்மை அடுப்புக்கு மேலே பரணில் இருந்தது. அம்மா காய்ந்த கொச்சிக்காயும் கருவாடும் வைக்கிற தகர டின் ஒன்று, அதற்கடியில் இன்னொரு டின், அதற்குள் என் பழைய ப்ளேஸ்டேஷன் சிடிக்கள், மொத்தம் 11. உறையெல்லாம் புகை பிடித்து மஞ்சளாகிவிட்டது, திறந்தால் கருவாட்டு வாசம். ஆனால் ஒரு சிடியிலும் பூஞ்சணம் இல்லை. அண்ணன் அலுமாரிக்குள் பூட்டிப் பத்திரப்படுத்திய பாட்டு சிடிக்களைப் பார்த்தால் வெள்ளைத் தேமல் விழுந்த மாதிரி இருக்கிறது, ஒன்றும் பாடாது.

அந்த 11இல் ஒன்று சோல் பிளேட். தெரியாதவர்களுக்கு: நாம்கோ என்ற ஜப்பானியக் கம்பெனி செய்த சண்டை விளையாட்டு, ஜப்பானில் சோல் எட்ஜ் என்று 1996 டிசம்பரில் ப்ளேஸ்டேஷனுக்கு வந்தது, அமெரிக்காவுக்கு 1997இல் போனபோது பெயர் மாறிப்போனது. ஆளுக்கொரு ஆயுதம். மிட்சுருகிக்கு ஜப்பானிய வாள், டாக்கிக்கு ஒரு குட்டைக் கத்தி, லி லாங்குக்கு சங்கிலி கோத்த இரட்டைக் கட்டை, சீக்ஃப்ரீடுக்கு ஆள் உயர வாள். வோல்டோ கையில் இருப்பது நம்முடைய கட்டாரி, அதைச் சின்ன வயதில் யாரும் சொல்லித் தரவில்லை, நாங்கள் அதை நண்டுக்கால் என்றுதான் சொன்னோம்.

2002 வாக்கில் டவுனில் ஒரு கேம் கடை இருந்தது. அரை மணித்தியாலத்துக்கு 15 ரூபா, தோற்றவன் எழும்ப வேண்டும், ஜெயித்தவன் இருக்கலாம். கிளாசுக்கு என்று வாங்கிய காசு அங்கேதான் போனது. அந்தக் கடையில் எனக்குப் பெயர் 'கதவு'. ஏனென்றால் எக்ஸ் பட்டனை அழுத்தினால் தடுப்பு, நான் அதிலிருந்து விரலை எடுக்கவே மாட்டேன். அடிக்கிறவன் அடித்து அடித்துக் களைத்து ஒரு பிழை விடுவான், அப்போது கதவைத் திறந்து ஒரு குத்து, திரும்பவும் கதவு பூட்டு. இப்படியே ஒரு பின்னேரம் முழுக்க எழும்பாமல் இருந்திருக்கிறேன்.

இப்போது அக்கா மகனோடு ஆடினேன், வயது 14. அதே கதவு வித்தை. மூன்றாவது ரவுண்டில் கையிலிருந்த வாள் போய்விட்டது. பையன் கேட்டான், "மாமா, வாள் எங்க?"

உயிர்க்கோட்டோடு சேர்த்து இன்னொரு கோடு இருக்கிறது நண்பர்களே, ஆயுதக்கோடு. எதிரியின் வெட்டைத் தடுக்கத் தடுக்க அது தேய்கிறது. தீர்ந்தால் ஆயுதம் போய்விடும், அப்புறம் வெறுங்கைதான். சின்ன வயதில் இது நடக்காமலா இருந்திருக்கும்? நடந்திருக்கும். பட்டன் பழுது, சிடி பழுது, கடைக்காரர் கட்டுப்பாட்டுக் கருவி மாற்ற வேண்டும் என்று சண்டை பிடித்திருப்பேன். பயந்து பதுங்குகிறவனின் கத்தியைத்தான் இந்த விளையாட்டு முதலில் பிடுங்குகிறது என்பதை மூன்று வருடம் ஆடியும் நான் கவனிக்கவில்லை. பின்னால் வந்த சோல்காலிபரில் இதை எடுத்துவிட்டார்கள். எடுத்தது பிழை என்பது என் கட்சி. வாருங்கள்.

ஸ்டோர்சங்கு:

கதவண்ணே, வணக்கம். பழைய சோற்றுக்கு வெங்காயம் வைத்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள், வாசிக்க ருசியாக இருக்கிறது. ஆனால் அந்த விளையாட்டை நானும் போன வருடம் கணினியில் போட்டு ஆடினேன். ஆட்கள் மரக்கட்டை மாதிரி முன்னுக்கும் பின்னுக்கும் போகிறார்கள். பக்கத்துக்கு நகர்வது என்றால் ஒரு சின்ன விலகல், அவ்வளவுதான். சோல்காலிபர் 1998இல் ஆர்கேடுக்கும் (காசு போட்டு ஆடுகிற கடை மெஷின்) 1999 ஆகஸ்டில் ட்ரீம்காஸ்ட் என்ற வீட்டு மெஷினுக்கும் வந்தபோது எட்டுத் திசையிலும் ஓடி நடக்க விட்டார்கள். அதோடுதான் ஆயுதச் சண்டை என்பதற்கே அர்த்தம் வந்தது. நேர்வெட்டு வந்தால் பக்கத்தில் விலகலாம், அகலவெட்டு வந்தால் அது விலகுகிறவனைப் பிடிக்கும். இந்தக் கணக்கு பழையதில் பாதிதான் இருக்கிறது. ஜப்பானின் ஃபமிட்சு பத்திரிகை சோல்காலிபருக்கு 40க்கு 40 கொடுத்தது சும்மா இல்லை.

ஆயுதக்கோட்டை எடுத்ததற்கும் நல்ல காரணம் இருக்கிறது. அடி வாங்குகிறவன்தான் தடுக்கிறான், தடுக்கிறவனின் கத்திதான் போகிறது, கத்தி போனவன் இன்னும் அடி வாங்குகிறான். விழுந்தவன் மேல் மாடு ஏறி மிதிக்கிற கதை. இதில் என்ன நியாயம்?

மேட்டுலயம்:

எனக்கு ஒரு சந்தேகம், யாராவது சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். இந்த விளையாட்டு கறுப்பு வெள்ளையா? நான் தலவாக்கலையில் ஆடியது கறுப்பு வெள்ளை. அடுத்த கடையில் டெக்கன் 3 என்ற இன்னொரு சண்டை விளையாட்டு நல்ல கலரில் ஓடும். நாங்கள் இதைப் பழங்காலக் கதை, அதனால் வேண்டுமென்றே பழைய படம் மாதிரி செய்திருக்கிறார்கள் என்று நினைத்தோம். இப்போது இணையத்தில் படங்களைப் பார்த்தால் எல்லாரும் கலர் கலராக நிற்கிறார்கள்.

ஒரேவெட்டு:

அய்யோ 😂😂

ஈயப்பற்று:

மேட்டுலயம் தம்பி, சிரிக்கவில்லை. நான் அந்தக் காலத்தில் பண்டாரவளையில் ரேடியோ, டீவி, கேம் மெஷின் எல்லாம் திருத்தினவன், இந்தக் கேள்வியை அப்போதே நூறு பேர் கேட்டிருப்பார்கள்.

நம் நாட்டு டீவி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை. அமெரிக்க, ஜப்பானிய சிடிக்கள் என்டிஎஸ்சி (NTSC) என்ற வேறு முறை. இங்கே விற்ற மெஷின்களில் ஒரு சிப் ஒட்டிக் கொடுப்போம், அது இருந்தால் எந்த நாட்டு சிடியும், கொப்பி அடித்த சிடியும் ஓடும். படம் வரும், ஆனால் நிறத்தைச் சுமந்து வருகிற சிக்னல் டீவி எதிர்பார்க்கிற இடத்தில் இருக்காது. டீவி நிறத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தை மட்டும் காட்டும். அதுதான் உங்கள் கறுப்பு வெள்ளை. இரண்டு முறையும் தெரிந்த டீவியாக இருந்தால் பிரச்சினை இல்லை. பக்கத்துக் கடை டெக்கன் ஐரோப்பியச் சிடியாக இருந்திருக்கும், இல்லையென்றால் அவருடைய டீவி நல்ல டீவி.

இதில் இன்னொரு வேடிக்கை. ஐரோப்பியச் சிடி ஒரு செகண்டுக்கு 50 தடவை படம் மாற்றும், அமெரிக்கச் சிடி 60. சரிப்படுத்தாமல் மாற்றிய ஐரோப்பியப் பதிப்புகள் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். ஆகவே கறுப்பு வெள்ளையில் ஆடினவன் சரியான வேகத்தில் ஆடினான், கலரில் ஆடினவன் பலபேர் நொண்டி நடையில் ஆடினார்கள். நிறமா வேகமா என்று அப்போது கேட்டிருந்தால் எல்லாரும் நிறம் என்றுதான் சொல்லியிருப்பார்கள், அது வேறு.

சிடியைப் புகையில் வைத்த அம்மாவுக்கு என் கும்பிடு. இந்தக் குளிருக்கு சிடி கெடுவது மட்டுமில்லை, மெஷினுக்குள் லென்சிலும் ஈரம் படியும். காலையில் போட்டவுடன் ஓடாத மெஷின் பத்து நிமிடம் சூடானதும் ஓடும், அதைப் பழுது என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். நான் பத்து நிமிடம் போட்டு வைத்துவிட்டுச் சும்மா கொடுத்திருக்கிறேன். காசும் வாங்கியிருக்கிறேன், பொய் சொல்லக்கூடாது.

மேட்டுலயம்:

அண்ணே, 20 வருடக் கேள்விக்குப் பதில். நன்றி. மெஷினைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால்தான் ஓடும் என்பதும் ஈரத்தாலா?

ஈயப்பற்று:

இல்லை, அது வேறு. முதல் வந்த மெஷின்களில் லென்ஸ் இருந்த இடம் மின்சாரப் பகுதிக்குப் பக்கத்தில், சூட்டில் தண்டவாளம் தேய்ந்து லென்ஸ் சாயும். கவிழ்த்தால் பாரம் மாறிப் படிக்கும். பின்னால் வந்த மாடல்களில் இடத்தை மாற்றிவிட்டார்கள்.

அடைமழை:

நான் இங்கே வாசிக்கிறதோடு சரி, எழுதுவது குறைவு. ஆனால் ஸ்டோர்சங்கு அண்ணன் நியாயம் கேட்டதால் எழுதுகிறேன்.

எங்கள் அப்பா கவ்வாத்துக்காரர். மஸ்கெலியா பக்கம், 30 வருடத்துக்கு மேல் கவ்வாத்து வெட்டினார். பார்த்தவர்களுக்குத் தெரியும், நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு மலைத் தேயிலை முழுவதையும் மொட்டை அடித்த மாதிரி வெட்டி இறக்க வேண்டும். கவ்வாத்துக் கத்தியைச் சரிவாக ஒரே இழுப்பில் இழுத்து வெட்ட வேண்டும். வெட்டுவாய் வழவழவென்று இருந்தால் தண்ணீர் வழிந்து போகும், மரம் ஆறிவிடும். கத்தி மழுங்கியிருந்தால் கிளை பிளக்கும், பிளந்த இடத்தில் தண்ணீர் நிற்கும், அழுகும். அப்பா இடுப்பில் சாக்குத் துண்டுக்குள் சாணைக்கல் வைத்திருப்பார். வரிசையில் மற்றவர்கள் வெட்டிக்கொண்டு போவார்கள், இவர் நின்று தீட்டுவார். கணக்குப்பிள்ளை சத்தம் போடுவார். இவர் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார். சாயங்காலம் பார்த்தால் மற்றவர்களுக்குச் சமமாக முடித்திருப்பார்.

நான் தம்பியோடு சோல் பிளேட் ஆடும்போது அப்பா பின்னால் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு பார்ப்பார். கதை புரியாது, பெயர் தெரியாது. ஆனால் ஆயுதக்கோட்டை எங்களில் முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். "அந்தக் கீழ்க்கோடு கத்தியோட வாய். நீ கத்தியில வாங்காத, தள்ளி நில்லு" என்றார். நான் சியோங் மினாவை எடுத்து நீளக் கம்பால் தூர நின்று ஆட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். தடுப்பதே இல்லை. கிட்ட வரவிடாமல் சுற்றுவது. ஊரில் திருவிழாவுக்குச் சிலம்பம் சுற்றுகிறவர்களைப் பார்த்திருப்பீர்களே, கம்பு நுனி எதிராளியின் முட்டிக்கு முன்னால் நிற்கும், அவன் உள்ளே வரமாட்டான். அதேதான்.

நியாயம் என்று கேட்டால், கையிலிருக்கிற கத்தி எவ்வளவு அடித்தாலும் அப்படியே புத்தம் புதிதாக இருக்கிற விளையாட்டுத்தான் எனக்கு விசித்திரமாகத் தெரிகிறது.

கடைசிபஸ்:

தங்கச்சி, உங்கள் அப்பாவை நாங்கள் கடையில் வைத்திருந்தால் எனக்குக் 'கதவு' என்று பெயர் வந்திருக்காது.

ஒரேவெட்டு:

எல்லாரும் நல்லாத்தான் பேசுகிறீர்கள், ஆனால் மெய்யான ஆயுதச் சண்டை வேண்டுமென்றால் சோல் பிளேட் பக்கமே போக வேண்டாம். புஷிடோ பிளேட். 1997, அதே ப்ளேஸ்டேஷன், லைட் வெயிட் என்ற குழு செய்தது, ஸ்கொயர் வெளியிட்டது. உயிர்க்கோடு கிடையாது. நேரக்கணக்கு கிடையாது. கழுத்தில் ஒரு வெட்டு சரியாக விழுந்தால் முடிந்தது. காலில் பட்டால் மண்டியிட்டபடி ஊர்ந்துதான் மிச்சச் சண்டை. கையில் பட்டால் ஒற்றைக் கை. உங்கள் சோல் பிளேடில் ஆள் உயர வாளால் தலையில் பத்துத் தடவை அடித்தும் எழும்பி வருகிறானே, அவன் என்ன கோயில் காளையா?

அதில் மூங்கில் காட்டுக்குள் சண்டை பிடித்தால் வீசுகிற வாளில் மூங்கில் வெட்டுப்பட்டு விழும். ஒரு முற்றத்திலிருந்து இன்னொரு முற்றத்துக்கு ஓடலாம், சுவர் ஏறலாம். கதையில் ஆடும்போது முதுகில் வெட்டினாலோ, எதிரி பேசிக்கொண்டிருக்கும்போது அடித்தாலோ, விழுந்தவனைக் குத்தினாலோ கொஞ்ச நேரத்தில் ஆட்டத்தை நிறுத்தி, இது வீரனுக்கு அழகா என்று ஒரு பாடம் எழுதிக் காட்டி, முகப்புக்கு அனுப்பிவிடும். எனக்கு அது தெரியாது, இங்கிலீசும் அப்போது தெரியாது. மூன்று நாள் சிடி பழுது என்று துடைத்துக்கொண்டிருந்தேன். எல்லாரையும் முதுகிலேயே வெட்டியிருக்கிறேன்.

ஸ்டோர்சங்கு:

துரோகி 😄

மேட்டுலயம்:

முதுகில் குத்தினால் சிடி வேலை செய்யாது என்பது நல்ல ஏற்பாடுதான். இதை எங்கள் சங்கத் தேர்தலுக்கும் வைக்கலாம்.

ஸ்டோர்சங்கு:

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடைமழை தங்கச்சி எழுதியதைக் காலையில் பஸ்ஸில் திரும்பத் திரும்ப வாசித்தேன். அப்பா சொன்ன 'கத்தியில் வாங்காதே' என்பது சரி. ஆனால் அது எல்லாருக்கும் சரியா? மினாவுக்குக் கம்பு நீளம், தூர நிற்கலாம். டாக்கி என்ன செய்வாள்? கையில் சாண் நீளக் கத்தி. உள்ளே போனால்தான் அவளுக்குப் பிழைப்பு, உள்ளே போகிற வழியில் இரண்டு மூன்று வெட்டையாவது தடுக்கத்தான் வேண்டும். அப்போது ஆயுதக்கோடு குட்டைக் கத்திக்காரிக்குத்தானே வட்டி போடுகிறது?

எட்டுத் திசை நடை இருந்தால் அவள் சுற்றிப் போவாள். அதனால்தான் சொல்கிறேன், நடையைக் கொடுத்துவிட்டு ஆயுதக்கோட்டை எடுத்தது ஒரு நியாயமான மாற்று. மேலும் அந்தச் சிந்தனை செத்துப்போகவும் இல்லை. 2008இல் வந்த நான்காவது சோல்காலிபரில் திரும்பக் கொண்டு வந்தார்கள், தடுத்துக்கொண்டே இருந்தால் ஒரு அளவுக்கு மேல் காப்பு நொறுங்கும், அந்த நேரத்தில் எதிரி ஒரே தாக்குதலில் ஆட்டத்தை முடிக்கலாம். கத்தி போகாது, ஆனால் கதவண்ணனுக்கு அங்கேயும் இடமில்லை.

கடைசிபஸ்:

தம்பி சொல்வதில் பாதிக்கு நான் வாய் திறக்க முடியாது, டாக்கி விஷயம் உண்மை. மீதிப் பாதிக்குப் பதில் இருக்கிறது.

தடுப்பு மட்டும்தான் வழி என்று யார் சொன்னது? கார்ட் இம்பாக்ட் இருக்கிறதே. திசைப் பட்டனோடு தடுப்புப் பட்டனைச் சரியான கணத்தில் தட்டினால் வருகிற அடியைத் தட்டிவிட்டு எதிரியைத் தடுமாற வைக்கலாம். இந்த வரிசை விளையாட்டுகள் எல்லாவற்றிலும் இன்றுவரை இருக்கிற அந்த வித்தை தொடங்கியதே இதில்தான். கதவாக நிற்பது ஒன்று, வருகிற கையைத் தட்டிவிடுவது இன்னொன்று. சின்ன வயதில் எனக்கு முதலாவது மட்டும்தான் தெரியும்.

இரண்டாவது, அடிக்கிறவனின் கோடும் தேயும். சதுரம், முக்கோணம், வட்டம் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் கிரிட்டிகல் எட்ஜ், பளபளவென்று தொடர் வெட்டு. பார்க்க அழகு, ஆனால் அதற்குக் கூலி சொந்த ஆயுதக்கோட்டிலிருந்து போகும். எங்கள் கடையில் ஒருவன் இருந்தான், வோல்டோதான் எடுப்பான், வந்தவுடன் அந்தத் தொடரைத்தான் போடுவான், முடிந்தவுடன் திரும்பவும் போடுவான். அவனும் வெறுங்கையோடு நின்றிருக்கிறான் என்று இப்போது நினைத்துப் பார்த்தால் ஞாபகம் வருகிறது. நானும் வெறுங்கை, அவனும் வெறுங்கை, இரண்டு பேரும் கடைக்காரரைத்தான் திட்டினோம். பயந்தவனுக்கும் அவசரக்காரனுக்கும் ஒரே தண்டனை. ஆகவே மாடு விழுந்தவனை மட்டும் மிதிக்கவில்லை.

மேட்டுலயம்:

கேட்க வேண்டும் என்று நினைத்தேன், இரண்டு பெயர் ஏன்? சிடியில் சோல் பிளேட், நீங்கள் சோல் எட்ஜ் என்றும் சொல்கிறீர்கள்.

ஸ்டோர்சங்கு:

மேற்கு நாடுகளில் 'எட்ஜ்' என்ற சொல்லுக்கு வேறொருவர் வர்த்தகக் குறி உரிமை கொண்டாடிக்கொண்டிருந்தார். வழக்கு வம்பு வேண்டாம் என்று பிளேட் ஆக்கினார்கள். கதைக்குள் எல்லாரும் தேடி அலைகிற வாளின் பெயர் சோல் எட்ஜ்தான், அதை மாற்றவில்லை. இன்னொரு பெயர் மாற்றம் கூட உண்டு, பெயர் இல்லை, ஆளே மாற்றம். கொரியாவுக்குப் போன ஆர்கேட் மெஷினில் மிட்சுருகி இருக்கக்கூடாது, ஜப்பானியச் சாமுராய், அங்கே 1910 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சி, காயம் ஆறவில்லை. அவருக்குப் பதிலாகச் செய்த ஆள்தான் ஹ்வாங். அதற்குப் பிறகு ப்ளேஸ்டேஷனுக்கு வரும்போது இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார்கள்.

அடைமழை:

ஹ்வாங் கதை இதுவரை தெரியாது. தம்பிக்குப் பிடித்த ஆள் அவர்தான்.

நீங்கள் யாரும் எட்ஜ் மாஸ்டர் மோட் பற்றிப் பேசவே இல்லையே? எனக்கு இந்த விளையாட்டு என்றால் அதுதான். ஒரு ஆளைத் தெரிவு செய்தால் புத்தகம் மாதிரிப் பக்கம் திறக்கும், உலகப்படத்தில் ஊர் ஊராகப் போய் அடிக்க வேண்டும், ஒவ்வொரு இடத்திலும் புது ஆயுதம் கிடைக்கும். ஆளுக்கு 8 ஆயுதம். ஒவ்வொன்றுக்கும் வெட்டு பலம், தாங்கும் பலம், நீடிக்கும் பலம், பாரம் என்று தனித்தனிக் கணக்கு. ஒன்று பாரமாக இருக்கும், அடி பலம், ஆனால் கை மெதுவாகும். ஒன்று கையில் இருந்தாலே உயிர் மெல்ல ஏறும், இன்னொன்று நல்லா வெட்டும் ஆனால் பிடித்திருக்கிறவனின் உயிரையே குடிக்கும். நானும் தம்பியும் கொப்பியில் கட்டம் போட்டு எழுதி வைத்தோம். கணக்குப் பாடத்தில் அவ்வளவு அழகாகக் கட்டம் போட்டதே இல்லை.

எங்களிடம் மெமரி கார்ட் இல்லை. அதனால் மெஷினை நிறுத்தினால் எல்லாம் போய்விடும். சனிக்கிழமை காலையில் தொடங்கினால் ஞாயிறு வரை மெஷினை அணைக்கவே மாட்டோம். டீவியை மட்டும் அணைத்து மெஷின் மேல் ஈரத் துணி போடலாமா என்று தம்பி யோசித்தான், நல்லவேளை அப்பா பார்த்துவிட்டார். ஒருமுறை மினாவுக்கு ஏழாவது ஆயுதம் வரை வந்துவிட்டோம். அன்றைக்கு இடி இடித்தது, லயத்துக்கே கரண்ட் போனது. தம்பி இஸ்தோப்பில் போய் உட்கார்ந்து அழுதான். எட்டாவது என்ன என்று இன்று வரை நான் பார்க்கவில்லை. இணையத்தில் ஒரு நொடியில் பார்க்கலாம், தெரியும். பார்க்கவில்லை.

ஈயப்பற்று:

தங்கச்சி, அந்தக் கார்டில் இருந்தது வெறும் 128 கிலோபைட், 15 கட்டம். இப்போது ஃபோனில் ஒரு காலை வணக்கப் படம் அதைவிடப் பெரிது. அதற்கு நாங்கள் வாங்கிய விலையை இங்கே எழுதினால் எல்லாரும் சேர்ந்து என்னைத் தேடி வருவீர்கள்.

ஒரேவெட்டு:

அண்ணே, நான் இப்போது கணினியில் டக்ஸ்டேஷன் (பழைய ப்ளேஸ்டேஷன் சிடிக்களை ஓட்டுகிற மென்பொருள்) போட்டு, பெரிய தட்டை டீவியில் இணைத்து சோல் பிளேட் ஆடிப் பார்த்தேன், இவ்வளவு பேர் சொல்கிறீர்களே என்று. கார்ட் இம்பாக்ட் ஒன்று கூட விழவில்லை. நூறு தடவை தட்டியிருப்பேன். நீங்கள் எல்லாம் கதை விடுகிறீர்களா?

ஈயப்பற்று:

உங்கள் கை சரி, டீவிதான் பிந்துகிறது. பழைய குழாய் டீவி வந்த சிக்னலை அப்படியே காட்டும், தாமதம் இல்லை என்றே சொல்லலாம். தட்டை டீவி படத்தை வாங்கி, மெருகூட்டி, பெருப்பித்துப் பிறகு காட்டும். நீங்கள் பார்க்கிற வெட்டு ஏற்கெனவே விழுந்த வெட்டு. டீவி அமைப்புகளில் கேம் மோட் இருக்கும், அதைப் போடுங்கள், மெருகூட்டுகிற வேலையை எல்லாம் நிறுத்தும். அப்படியும் பிந்தினால் பழைய இரும்புக்கடைப் பக்கம் போய் 14 அங்குலக் குழாய் டீவி தேடுங்கள், சும்மாவே தூக்கிக் கொடுப்பார்கள்.

ஒரேவெட்டு:

கேம் மோட் போட்டேன். பத்துக்கு மூன்று விழுகிறது. சரி, ஒத்துக்கொள்கிறேன், அந்த 'டிங்' சத்தம் கேட்கும்போது ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. மிட்சுருகியோடு முடிவு வரை போனேன். முடிவுப் படத்தில் துப்பாக்கிக்காரன் ஒருவன் முன்னால் நிற்கிறான், நான் கையைக் கட்டிக்கொண்டு படம் பார்த்துக்கொண்டிருக்கிறேன், டுமீல், மிட்சுருகி காலி. இதென்ன அநியாயம்?

அடைமழை:

அந்த இடத்தில் படம் மாதிரி ஓடினாலும் கை உங்களுடையது. மேலும் கீழும் இருக்கிற கறுப்புப் பட்டை விலகும், அப்போது நீங்கள்தான் விலக வேண்டும். பலபேருடைய முடிவில் இப்படி ஒரு இடம் உண்டு, செய்வதைப் பொறுத்து முடிவு மாறும். மிட்சுருகி ஊர் ஊராக அலைந்ததே துப்பாக்கியை வெல்லுகிற வாள் கிடைக்குமா என்றுதானே. நீங்கள் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறீர்கள்.

ஒரேவெட்டு:

உயிர்க்கோடு இல்லாமல், ஒரே அடி, முடிந்தது. என் புஷிடோ பிளேட் மாதிரியே இருக்கிறது. நான் ஜெயித்த மாதிரி எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்டோர்சங்கு:

நீங்கள் செத்ததை ஜெயித்த கணக்கில் எழுதுகிற முதல் ஆள் 😂

கதவண்ணே, நான் கட்சி மாறவில்லை, சோல்காலிபர்தான் மேல். ஆனால் நேற்று இரவு பழையதைத் திரும்பப் போட்டு, தடுப்புப் பட்டனைத் தொடாமல் டாக்கியை வைத்து ஒரு மணித்தியாலம் ஆடினேன். தோற்றுக்கொண்டே இருந்தேன். ஆனால் நடை கட்டையாக இருக்கிறது என்று சொன்னேனே, தடுக்காமல் ஆடும்போது அது அவ்வளவு உறுத்தவில்லை. தடுத்துக்கொண்டு நின்றதால்தான் ஆட்கள் மரக்கட்டையாகத் தெரிந்தார்களோ என்னவோ. இதற்கு மேல் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கடைசிபஸ்:

இவ்வளவு ஒத்துக்கொண்டதே பெரிது.

ரோட்டு மண்ணை அள்ளிவிட்டார்கள், நாளைக் காலை 5 மணி பஸ். நேற்று இரவு பையனோடு கடைசி ஆட்டம். நான் கதவைப் பூட்டவே கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன், பையன் கிரிட்டிகல் எட்ஜைக் கண்டுபிடித்துவிட்டான், அதையே போட்டுக்கொண்டிருந்தான், வோல்டோக்காரனின் மறுபிறப்பு. கடைசி ரவுண்டில் அவனுடைய ஆயுதம் போனது. நான் சிரிக்க ஆரம்பித்தேன், சிரித்த நேரத்தில் பழைய புத்தி விரலுக்கு வந்துவிட்டது போல, தடுத்துத் தடுத்து என்னுடையதும் போனது. இரண்டு பேரும் வெறுங்கை, உயிர்க்கோடு இருவருக்கும் நூல் மாதிரி. அம்மா மாவு பிசைந்த கையோடு வந்து எட்டிப் பார்த்து, "இருந்த கத்தியையும் தொலைச்சிட்டு ரெண்டும் நின்னு குத்திக்கிட்டு இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பையன் ஒரு உதை விட்டான், நான் மேடைக்கு வெளியே தண்ணீரில் விழுந்தேன்.

மெஷின் அவனுக்கு. ஈயப்பற்று அண்ணே, உங்களிடம் பழைய மெமரி கார்ட் ஏதாவது கிடந்தால் சொல்லுங்கள், விலையைப் பார்த்துப் போடுங்கள். அவன் மினாவுக்கு நாலாவது ஆயுதம் வரை வந்துவிட்டான், நேற்றிலிருந்து மெஷினை அணைக்க விடமாட்டேன் என்கிறான். சிடிக்களை மட்டும் ஆடி முடிந்ததும் திரும்ப டின்னில் போட்டுப் பரணில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஈயப்பற்று:

இரண்டு இருக்கிறது. ஒன்று உங்களுக்கு, ஒன்று அடைமழை தங்கச்சிக்கு. காசு வேண்டாம், அந்தக் காலத்தில் வாங்கினது போதும்.

மேட்டுலயம்:

அண்ணே போகிறதுக்கு முன்னால் ஒன்று. டின்னில் 11 சிடி என்றீர்கள். மிச்சம் 10 என்ன?